பதினோரு காதுகள்

அடோயோ என்றால் களையெடுப்புக் காலத்தில் பிறந்தவள்.
ஐம்பத்திரண்டு வருடமாகப் பெயர் அவளை விடவில்லை.
சியாயாவின் செம்மண்ணில்
முழங்கால் உயரத்தோடு நின்றுபோன மக்காச்சோளம்,
அதன் காலடியில் ஊதாப் பூ.
பார்க்க அழகாய்த்தான் இருக்கிறது, சனியன்.
பிடுங்கினால் கையோடு வந்துவிடும்,
தின்றதைத் திருப்பித் தராமல்.

கயோங்கோ என்போம் அதை.

அதன் விதைகளை எண்ணுவது என் வேலை.
கிசுமுவில் மூன்றாம் மாடி, மின்விசிறி தடை செய்யப்பட்ட அறை.
மூக்குப்பொடி மாதிரி இருக்கும்,
தும்மினால் ஒரு வாரக் கணக்கு காற்றோடு.
ஒரு செடிக்கு ஐம்பதாயிரம் பிள்ளைகள்,
ஒவ்வொருத்திக்கும் தாய் கட்டிக்கொடுத்த சோறு
சில நாளைக்குத்தான்.
அவசரப்பட்டு முளைத்தால் சாவு.
ஆகவே முளைக்காமல் படுத்து
பத்து வருடம், பதினைந்து வருடம்
கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

எதை?

பாஸ்பரஸ் வற்றிய மண்ணில்
பசித்த வேர் ஒன்று பூஞ்சையைக் கூப்பிடுகிறது:
உப்பு கொண்டு வா, சர்க்கரை தருகிறேன்.
நாற்பது கோடி வருடத்துக் கொடுக்கல் வாங்கல்.
அந்த அழைப்பில் உன் பெயர் இல்லை, கயோங்கோ.
ஒட்டுக்கேட்க எங்கே கற்றாய்?

உன் முன்னோர் திருடர்கள் இல்லை.
சொந்த இலை, சொந்த வேர், கடன் கிடையாது.
காடு எரிந்து அடங்கி
புகையின் மிச்சம் மழையோடு மண்ணில் இறங்கினால்
'இனி வெயில் உண்டு' என்று விழித்துக்கொள்ள
ஒரு மரபணு வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.
படியெடுக்கும்போது எவளோ ஒருத்திக்குக் கை தவறியது.
ஒரே வரி இரண்டு முறை விழுந்தது.

முதல் பிரதி பழைய வேலையைப் பார்த்தது.
இரண்டாவதற்கு வேலை இல்லை.
வேலை இல்லாத காது சும்மா இருக்குமா?
எழுத்துக்கு எழுத்து நழுவி, புகையை மறந்து,
பக்கத்து வேரின் பக்கம் திரும்பியது.
இன்றைக்குப் பதினொன்று.
அதில் ஒன்றுக்கு
குளத்தில் கரைத்த ஒரு சிட்டிகை கேட்கும்.

உறிஞ்சும் வாயும் புதுச் சரக்கல்ல.
பக்கவேர் விடும் பழைய கைப்பக்குவம்,
மண்ணுக்குள் போகவேண்டியது
இன்னொருத்தி உடம்புக்குள் போகிறது.
வறட்சியில் சோளம் இலைத்துளைகளை மூடும்.
இவள் மூடமாட்டாள்.
மூடாதவள் பக்கம்தான் தண்ணீர் ஓடும்.

ஒருமுறை வரிசை வாசிக்கும் பொறி
இவள் ஏட்டின் நடுவே
சோளத்தின் ஒரு பத்தியைக் காட்டியது.
தின்றவளுக்குள் தின்னப்பட்டவளின் கையெழுத்து.
அன்று மதியம் எனக்கு உகாலி இறங்கவில்லை.

அடோயோவுக்கு ஒரு டப்பா டெஸ்மோடியம் விதை கொடுத்தேன்.
சோளத்துக்கு நடுவே போடு.
அதன் வேரும் கூப்பிடும்,
கேட்டவள் முளைப்பாள்,
நுழையக் கதவு இருக்காது.
"பொய் சொல்லிக் கூப்பிடுகிறோமா?"
ஆமாம்.
கொஞ்ச நேரம் மண்வெட்டியைச் சுரண்டினாள்.
"என் கொழுந்தன் ஒபுரா ஆறு வருடமாக என் வீட்டில் சாப்பிடுகிறான்.
அவனுக்கும் இப்படி ஒரு விதை உண்டா?"

மூன்று பருவம் கழித்துப் போனேன்.
தோள் உயரச் சோளம். வரப்பில் மட்டும் ஊதா.
ஒபுரா களை பிடுங்கிக்கொண்டிருந்தான், மெதுவாக.
மண்ணைச் சலித்து எடுத்துவந்தேன்.

தட்டில் இருநூறு விதை.
பொய் அழைப்பை ஒரு துளி விட்டேன்.
நூற்றுத் தொண்ணூற்றேழு முளைத்து,
வெள்ளை நூல் நீட்டித் தேடி,
வெள்ளிக்கிழமைக்குள் கறுத்தன.

மூன்று அசையவில்லை.
சாயம் ஏற்றிப் பார்த்தேன், உயிர் இருக்கிறது.
படிவத்தில் இரண்டே கட்டம்:
முளைத்தது, இறந்தது.
கேட்டும் நம்பாதவளை எங்கே எழுதுவது?
பேனாவை மூடி வைத்துவிட்டு
விளக்கை அணைக்காமல் வந்துவிட்டேன்.